பட்டினிமலையின் அடிவாரம்

திரேசம்மாவின் மகன் மரியோ எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்து நாரந்தனையிலிருந்து புறப்பட்டபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கிழக்குப் பேர்லினில் இறங்கி, மேற்கே கடந்து, அகதி முகாமொன்றில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தான். பிறகு ஆர் என்ற சிறிய ஆற்றின் பள்ளத்தாக்கில் முந்திரிகைப்பழம், அதாவது திராட்சை, பிடுங்கும் வேலைக்குப் போனான். ஒரு அறுவடைக்கென்று போனவன் அங்கேயே நின்றுவிட்டான். தாயும் தங்கை பேர்ணடெற்றும் தொண்ணூறுகளில் கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். மரியோவையும் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு தடவை மட்டும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். கலியாணமும் கட்டவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த நேரம் பார்த்து வட்ஸ்அப்பில் கூப்பிடுவான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், எக்லின்ரன் வீதியோரத்து அடுக்குமாடியொன்றின் ஒன்பதாவது மாடியில், திரேசம்மா மகளோடும் மருமகன் அன்புராசாவோடும் இருந்தார். சமையலறை மேசையில் சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மகனோடு கதைப்பார். அத்தனை வருடம் பிரிந்திருந்த தாய்க்கும் மகனுக்கும் பேசுவதற்குப் பொதுவாக அதிகம் இருக்கவில்லை. இங்குள்ள சொந்தக்காரரின் பிள்ளைகளை அவனுக்குத் தெரியாது. அங்குள்ள மனிதரை இவருக்குத் தெரியாது. சாப்பாடு, காய்ச்சல், காலநிலை எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் அவன் மலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

அவன் வேலை செய்த திராட்சைச் சரிவுக்கு ஹுங்கர்பெர்க் என்று பெயர். "பட்டினிமலை எண்டு அர்த்தம் அம்மா," என்றான்.

"ஆர் உப்பிடியொரு பேர் வைச்சவை?"

"முந்தி அதிலை ஒண்டும் ஒழுங்கா விளையாதாம். முழுக்கக் கறுத்தப் பாறைதானே. அதிலை கிடந்து முறிஞ்சவனெல்லாம் பட்டினியாம்."

"பிறகு நீ ஏன் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

"இப்ப நல்லாக் காய்க்குது அம்மா. வெயில் கூடிப்போச்சு."

இப்படியே, நற்கருணைக் கிண்ணத்துக்கு வெளியே ஒரு சொட்டு வைனும் அறியாத திரேசம்மா, ஒரு ஜேர்மன் சரிவின் கதை முழுவதையும் தெரிந்துகொண்டார். முதலில் அது கன்னியர் மடமொன்றுக்குச் சொந்தமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் வந்து மடத்தை மூடி, சரிவைத் துண்டு துண்டாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் விளைச்சல் பொய்த்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். நெப்போலியன் காலத்தில் ஒரு ஆடி மாதம் ஆறு பெருகி அடிவாரத்துச் சனத்தைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, எஞ்சியவர்கள் அடிவாரத்து வீடு ஒவ்வொன்றின் பின்னாலும் சரிவுக்கு ஏறக் கல்லில் படிகள் கட்டினார்கள். வெள்ளப்படிகள் என்று அவற்றுக்குப் பெயர். நூறு வருடம் கழித்து இன்னொரு வெள்ளம் வந்தபோது அந்தத் தெருச் சனம் முழுவதும் படியேறிப்போய்த் திராட்சைக் கொடிகளுக்குள் நின்று தப்பியது.

"கெட்டிக்காறச் சனம்," என்றார் திரேசம்மா.

"இப்ப அந்தப் படி இல்லை அம்மா."

எழுபத்தொன்றில் ஒரு வைன் சட்டம் வந்து சின்னச் சரிவுகளின் பெயர்களையெல்லாம் பெரிய பெயர்களுக்குள் கரைத்துவிட்டது. ஹுங்கர்பெர்க் என்ற பெயர் போத்தலிலிருந்து போனது. பட்டினி என்று எழுதிய வைனை யார் வாங்குவார் என்று ஊரிலும் ஒருவரும் கவலைப்படவில்லை. அதற்குச் சில வருடங்களில் நிலங்களை ஒன்றாக்கும் திட்டமென்று புல்டோசர்கள் வந்தன. பழைய கல் வரம்புகளை இடித்து, உழவு யந்திரம் போக ஒரு பாதை வெட்டி, பாதையைத் தாங்க அடிவாரம் நெடுகிலும் கொங்கிறீற் மதிலை எழுப்பினார்கள். படிகள் மதிலுக்குள் புதைந்துபோயின. மதிலோ ஒரு ஆள் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரம். சரிவில் விழுந்த மழை முன்பெல்லாம் வரம்பு வரம்பாக ஊறித்தான் இறங்கும். இப்போது சீமெந்து வாய்க்கால்களில் நேரே ஊருக்குள் இறங்கியது. மதிலில் ஒரு இரும்பேணி பொருத்தித் தரும்படி மரியோ அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தான். பாதை ஒருவருடையது, மதில் இன்னொருவருடையது என்று ஆளையாள் கைகாட்டினார்கள். கடைசியில் அலுமினிய ஏணி ஒன்றை வாங்கி, தான் இருந்த அடிவாரத்து வீட்டின் பின்முற்றத்துக் கொட்டிலோடு சாத்தி வைத்தான்.

அந்த வீடு மார்லீஸ் என்ற பெண்ணுடையது. சரிவில் மூன்று நீளத் துண்டுகளும் அவளுக்குத் தகப்பன் வழி வந்தவை. திரேசம்மாவுக்கு அவள், மகனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்த "வீட்டுக்காறி". வீட்டுக்காறி எப்போதாவது திரையின் ஓரத்தில் வந்து கையசைப்பாள். திரேசம்மாவும் கையசைப்பார்.

பேர்ணடெற்றுக்கு உண்மை தெரியும். கடைசியாக ரொறன்ரோ வந்தபோது ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடி மரியோ சொன்னான். "அவளோடைதான் இருக்கிறன். கனகாலமாய். அவள் முந்திக் கட்டிப் பிரிஞ்சவள், கோயில்லை கலியாணம் எழுதேலாது. அம்மாவுக்குச் சொல்லாதை."

பேர்ணடெற் சொல்லவில்லை.

2021 யூலை பதினான்கு, ஒரு புதன்கிழமை. பேர்ணடெற் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தாள். அன்று அவளுக்கு ஓய்வு. பின்னேரம் கைபேசி அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் மரியோ கூப்பிட்டதே திரேசம்மாவுக்குச் சரியாகப் படவில்லை.

"சும்மா காட்டத்தான் எடுத்தனான்," என்று மரியோ கைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பினான். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெரு இருந்த இடத்தில் மண்ணிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கார் பக்கவாட்டில் மிதந்து போனது.

"மேலை போ ராசா," என்றார் திரேசம்மா.

"மேல்மாடியிலைதான் நிக்கிறம் அம்மா."

"மலைக்குப் போ எண்டிறன்."

"போவம். ஏணி கொட்டிலடியிலை. தண்ணி கொஞ்சம் வத்தட்டும், முத்தத்தாலை இப்ப நடக்கேலாது."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடியும் எடுத்தான். படம் இல்லை, குரல் மட்டும். பின்னால் பெரிய வாகனங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்டது. "கரண்ட் போட்டுது. ஏணியையும் கொண்டு போட்டுது. நாங்கள் பின்பக்கத்தாலை கொட்டில் கூரையிலை இறங்கப் போறம். பிறகு எடுக்கிறன் அம்மா." 

அவ்வளவுதான். ஸ்காபரோவில் அப்போது நல்ல வெயில். ஒன்பது மாடிகளுக்குக் கீழே பூங்காவில் பிள்ளைகள் தண்ணீர் விசிறிக்குள் ஓடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பேர்ணடெற் பல்கனிக் கதவைச் சாத்தினாள். திரேசம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கைபேசிக்கு முன்னாலேயே இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

அடுத்த நாள் செய்தியில் அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். பேர்ணடெற் வேலையிடத்தில், சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். சரிவுகள் பச்சையாக, கொடிகள் வரிசை குலையாமல் அப்படியே நின்றன. அடியில் ஊர் இல்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தமிழ்த் தொலைக்காட்சிப் பெட்டியின் வயரைக் கழற்றினாள். "பெட்டி பழுதாப் போச்சு," என்றாள் தாயிடம். "அங்கை போன் லைன் எல்லாம் அறுந்து போச்சாம் அம்மா. திருத்த நாள் எடுக்குமாம்." அன்புராசாவிடமும், பங்குச் சனத்திடமும், கீழ்மாடி அன்ரிமாரிடமும் ஒன்றும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தாள். தாய்க்கு எண்பத்துநான்கு வயது, இருதயத்தில் இரண்டு குழாய் வைத்திருந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இப்படியான வேளைகளில் எங்கள் சனத்துக்கு மறைப்பதற்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஞாயிறன்று பேஸ்புக்கில் ஒரு செய்தி வந்தது. எழுதியவள் பொன் என்ற ஜேர்மன் நகரத்து மருத்துவமனைத் தாதி ஒருத்தி. மார்லீஸ் உயிரோடு இருந்தாள். தோள் மூட்டுக் கழன்று, விலா எலும்புகள் முறிந்து, கட்டிலில் கிடந்தாள். கைபேசியோ ஒரு இலக்கமோ அவளிடம் இல்லாததால் தாதிதான் பேர்ணடெற்றின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். பேர்ணடெற் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தாதியின் கைபேசி வழியாக மார்லீஸோடு பேசினாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்.

"அவர் தூக்கிவிட்டார், நான் மேலே பாதைக்கு வந்துவிட்டேன்," என்றாள் மார்லீஸ். "அவர் வரவில்லை."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

வாரங்கள் போயின. அங்கே உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல உடல்களை முகம் பார்த்து அடையாளம் காண முடியவில்லை. ஜேர்மன் பொலிஸ் மரபணு ஒப்பிட மரியோவின் பல் துலக்கும் பிரஷையோ சவர அலகையோ தேடியது. ஆனால் வீடே இருக்கவில்லை. அவனுக்குப் பிள்ளைகளும் இல்லை. தாயின் வாயிலிருந்து ஒரு மாதிரி எடுத்து அனுப்பினால் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்கள். ரொறன்ரோ பொலிஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து எடுப்பதாக ஒழுங்காயிற்று. பேர்ணடெற் அவரைச் சாதாரண உடுப்பில் வரும்படி மன்றாடிக் கேட்டாள்.

தாயிடம், "கோவிட் ரெஸ்ற் எடுக்க வருகினம் அம்மா. இந்த பில்டிங் முழுக்க எடுக்கினம்," என்றாள்.

அதிகாரி முகக்கவசத்தோடும் கையுறையோடும் வந்தார். இளம் பெண், மிகவும் மெதுவாகப் பேசினார். திரேசம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து வாயைத் திறந்தார். பஞ்சுக்குச்சி ஒரு கன்னத்தின் உட்புறம் உரசி, மற்றக் கன்னத்துக்குப் போனது. அதிகாரி அதைக் குழாயில் இட்டு மூடி, பெயரை எழுதினார்.

திரேசம்மா வாயைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். 

"கோவிட்டுக்கு மூக்குக்குள்ளையல்லோ விடுறவை."

பேர்ணடெற் அதிகாரியின் பையை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு மூக்கிலைதான் எடுத்தவை. ஒவ்வொரு முறையும் கண்ணாலை தண்ணி வந்தது." அவர் அதிகாரியின் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். "இது பிள்ளையைக் கண்டுபிடிக்கிறதுக்கோ?"

"ஓம் அம்மா."

"உயிரோடை இருக்கிறவனைக் கண்டுபிடிக்க என்ரை எச்சில் தேவையில்லை."

அதிகாரிக்கு மொழி விளங்கவில்லை. ஆனாலும் குழாயைப் பையில் வைக்காமல் அப்படியே நின்றார். திரேசம்மா அவரைப் பார்த்து, "இனாஃபோ? வாண்ட் மோர்?" என்று கேட்டு, மறுபடியும் வாயைத் திறந்து காட்டினார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் பதில் வந்தது. ஆர் ஆறு பெரிய றைன் நதியோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, மரங்களுக்குள் சிக்கியிருந்த ஒருவர் திரேசம்மாவின் மகன்.

மார்லீஸ் அன்றே அழைத்தாள். அப்போது அவள் சகோதரியின் வீட்டில் இருந்தாள். ஊர் மயானத்தையும் ஆறு புரட்டிப் போட்டிருந்தது. ஆனால் பக்கத்து ஊரில், மேட்டிலே ஒரு மயானம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் எதிரே ஹுங்கர்பெர்க் முழுவதும் தெரியும். "அவரை இங்கே இருக்க விடுங்கள்," என்றாள். "என் வாழ்க்கையின் பாதி அவரோடு போயிற்று. ஆனால் நான் மனைவி இல்லை. காகிதத்தில் நான் யாருமில்லை. உங்கள் அம்மா ஓம் என்றால்தான் முடியும்."

பேர்ணடெற் பல்கனியிலிருந்து உள்ளே வந்து தாய்க்கு முன்னால் இருந்தாள்.

"வீட்டுக்காறி கேக்கிறா, அண்ணையை அங்கையே அடக்கம் பண்ணலாமோ எண்டு."

"வீட்டுக்காறிக்கு என்ன கதை?"

"அவ வீட்டுக்காறி இல்லை அம்மா."

திரேசம்மா கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். இது அவருக்குப் புதிய செய்தியாக இருந்ததா என்பதைப் பேர்ணடெற்றால் அந்த முகத்திலிருந்து அறிய முடியவில்லை.

"கோயில்லை கட்டினவனோ?"

"இல்லை."

"பதிவுக் கந்தோரிலை எழுதினவனோ?"

"இல்லை அம்மா."

"அப்ப என்ரை பிள்ளை எனக்கு. முப்பத்தாறு வருசம் ஊராருக்கு விட்டுட்டு இருந்திட்டன். இப்ப கொண்டு வா."

"அம்மா, அவவும் பாவம். அவவைத் தூக்கி விடப் போய்த்தான் அண்ணை…"

"கொண்டு வா எண்டிறன்."

பேர்ணடெற் மார்லீஸுக்கு அதைச் சொன்னாள். மறுமுனையிலிருந்து ஒரே சொல், "யா." சரி என்பதற்கு அவர்கள் சொல்வது அதுதான்.

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தின் சரக்குப் பகுதிக்கு மரியோ வந்து சேர்ந்தான். சவப்பெட்டி முத்திரையிடப்பட்டிருந்தது, திறக்கக் கூடாது. மார்லீஸ் வர முயன்றாள். கனடா அப்போது வெளிநாட்டவருக்குக் கதவைத் திறக்கவில்லை. விசேட அனுமதிக்கு விண்ணப்பித்தாள், மனைவியா என்று கேட்டார்கள். அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள்தான் பதில் வந்தது.

கோயிலுக்குள் ஆட்கள் இடைவெளி விட்டு இருந்தார்கள். திரேசம்மா பெட்டியின் மூடியில் கன்னத்தை வைத்தார். மரத்தைக் கையால் தடவி, தலைப்பக்கம் எது என்று அன்புராசாவிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பூசையை நேரலையில் விட்டிருந்தார்கள். மயானத்தில் அன்புராசாவின் கைபேசிதான் நேரலை. பேர்ணடெற் ஒருமுறை அதைப் பார்த்தாள். தமிழ்ப் பெயர்களுக்கிடையில் ஒரு ஜேர்மன் பெயர் இருந்தது. யந்திரம் மண்ணைத் தள்ளி முடித்து, எல்லோரும் காருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகாமல் நின்றது. அன்புராசாதான் கடைசியில் அணைத்தார்.

ஒக்டோபரில் மார்லீஸ் வந்தாள். அப்போது தடுப்பூசி போட்டவர்கள் வரலாம் என்று ஆகியிருந்தது. பேர்ணடெற் எதிர்பார்த்ததை விட உயரம், நரைத்த கட்டை முடி. வலக்கை தோளுக்கு மேல் எழும்பாது. பயணப்பெட்டியை இடக்கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். 401 நெடுஞ்சாலை முழுவதும் இருவரும் காலநிலையைப் பற்றியே பேசினார்கள்.

முதல்நாள் திரேசம்மா தலையிடி என்று அறையை விட்டு வரவில்லை. அடுத்த நாள் காலையில் மூவரும் மயானத்துக்குப் போனார்கள். சமதரை. மண் இன்னும் இறுகவில்லை, கல்லும் வைக்கவில்லை. மார்லீஸ் சுற்றிலும் பார்த்தாள், எங்காவது ஒரு மேடு இருக்கிறதா என்று தேடுவதைப் போல. தெரிந்ததெல்லாம் மின்கம்பங்களும் தூரத்தில் வீடுகளின் கூரைகளும்தான். பிறகு அவள் முழந்தாளிட்டு, இடக்கையை மண்ணில் வைத்தாள். திரேசம்மா குடை பிடித்தபடி பின்னால் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் திரேசம்மா தேத்தண்ணி ஊற்றித் தாமே கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். மார்லீஸ் அதைக் குடிக்கவில்லை.

"நான் ஒன்று கேட்கத்தான் வந்தேன்," என்றாள். பேர்ணடெற் வரிக்கு வரி தமிழில் சொன்னாள்.

வெள்ளத்தன்று கொட்டில் கூரையில் இருவரும் நின்றார்கள். மதிலின் விளிம்பு இன்னும் மேலே இருந்தது. மரியோ குந்தியிருந்து அவளைத் தோளில் ஏற்றி எழும்பினான். அவள் பாதையில் ஏறிக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டு மதிலில் கால் ஊன்றிய நேரம், ஏதோ பெரிதாக வந்து கொட்டிலில் மோதியது. கூரை அவன் காலுக்குக் கீழிருந்து போய்விட்டது. அவன் அவளுடைய ஒரு கையில் தொங்கினான். மழையில் பாதை முழுக்கச் சேறு, கையால் பிடிக்க ஒன்றும் இல்லை. அவன் பாரம் அவளையும் விளிம்புக்கு இழுத்தது. பாதையோர வேலியில் காலைக் கொளுவிக்கொண்டாள்.

"எங்கள் வீட்டில் நாங்கள் ஜேர்மன்தான் பேசுவோம். அவர் கனவில்கூட ஜேர்மன் பேசுவார். ஆனால் அப்போது அவர் தமிழில் கத்தினார். ஒரே சொல், திரும்பத் திரும்ப. எனக்கு விளங்கவில்லை. ஜேர்மனில் சொல் என்று நான் கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது." அவள் தன் வலக்கையைப் பார்த்தாள். "பிறகு என் தோள் கழன்றது. நான் விட்டேனா, அவர் விட்டாரா, எனக்குத் தெரியாது. அவர் என்ன சொன்னார் என்று தெரிந்தால்… பொன் நகரத்தில் எத்தனையோ தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் அதைச் சொல்ல நான் விரும்பவில்லை."

"என்ன சத்தம்? சொல்லுங்கோ," என்றாள் பேர்ணடெற்.

மார்லீஸ் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். எழுத்துப் பிசகவில்லை.

"கையை விடாதை," என்றாள். "விடாதை. விடாதை."

அது மரியோவின் இழுவைதான். நாரந்தனைப் பேச்சு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டிய விதம், எல்லாம் அவனுடையவை. இடக்கையால் வலது தோளைப் பிடித்தபடி காத்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பேர்ணடெற்றால் பார்க்க முடியவில்லை.

திரேசம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தார். ஸ்காபரோத் தொழிற்சாலையொன்றில் பதினைந்து வருடம் பெட்டி அடுக்கியபோது கற்ற ஆங்கிலம் அவரிடம் இருந்தது.

"ஹி சே, லீவ்," என்றார். "லீவ் மை ஹாண்ட். யூ கோ."

மார்லீஸ் கண்ணைத் திறந்தாள். பேர்ணடெற்றைப் பார்த்தாள், மறுபடியும் திரேசம்மாவைப் பார்த்தாள். "நிச்சயமாகவா?"

"ஐ மதர்," என்றார் திரேசம்மா. "ஐ நோ."

மார்லீஸ் முன்னால் சரிந்து மேசையில் நெற்றியை வைத்தாள். அவளுடைய முதுகு குலுங்கியது. தேத்தண்ணிக் கோப்பை நகர்ந்து விளிம்புக்குப் போனது, திரேசம்மா அதை எடுத்து அப்பால் வைத்தார். பிறகு, கொஞ்சம் தயங்கி, அவளுடைய கட்டை முடியில் கையை வைத்தார். அந்தக் கை நெடுநேரம் அங்கேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேர்ணடெற் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனாள். வழியில் மார்லீஸ் கொஞ்சம் பேசினாள். அடிவாரத்துத் தெருவில் இனி வீடு கட்ட விடமாட்டார்கள். மதிலில் ஒரு கீறலும் விழவில்லை, அப்படியே நிற்கிறது. அதை மாற்றுவதைப் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லை. இந்த வருடப் பழத்தைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த முன்பின் தெரியாத சனங்கள் பிடுங்கிக் கொடுத்தார்கள். மாசியில் கொடிகளைக் கத்தரிக்க வேண்டும். அந்தச் சரிவில் நிற்க ஒரு கை வேண்டும், வெட்ட ஒரு கை வேண்டும். தன்னால் இனி முடியாது என்றாள். மூன்று துண்டுகளையும் யாரும் வாங்கக் கேட்கவில்லை. விட்டால் இரண்டு வருடத்தில் முள் மூடிவிடும்.

"அவருக்கு அது பிடிக்காது," என்றாள். வாசலில் இறங்கும்போது பேர்ணடெற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள்," என்றாள். பேர்ணடெற் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது திரேசம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரையில்லை என்பது மூச்சில் தெரிந்தது. பேர்ணடெற் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்.

"அம்மா, அண்ணை சொன்னது…"

"எனக்குத் தெரியும் அவன் என்ன சொன்னவன் எண்டு."

கீழே வீதியில் பஸ் ஒன்று வந்து நின்று போனது.

"விடாதை எண்டு கேட்டிருக்கிறான்," என்றார் திரேசம்மா சுவரைப் பார்த்தபடியே. "என்ரை பிள்ளைக்கு அவ்வளவு பயமாய் இருந்திருக்கு."

பேர்ணடெற் தாயின் முதுகில் கையை வைத்தாள். எலும்பு தட்டுப்பட்டது.

"அவளுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதை. சத்தியம் பண்ணு."

"ஓம் அம்மா."

தாய் அழுகிறாரோ என்று பேர்ணடெற் குனிந்து பார்த்தாள். கண் திறந்தபடியே இருந்தது.

"அவள் எத்தினை மணிக்குப் போய் இறங்குவாள்?"

"நாளைக்குக் காலமை."

"ஆரும் கூட்டிக்கொண்டு போக வருவினமோ?"

"தமக்கை வருவா எண்டு சொன்னவ."

"ம்," என்றார் திரேசம்மா, போர்வையைத் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டார்.